பாட்டுக்குக் கட்டம் கிடையாது

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்திருந்தவர்கள்:

தபரேஸ். ஆம்பூர் இசைத்தட்டுச் சேகரிப்போர் மன்றத்தின் தலைவர். தாத்தா கட்டிய தோல் தொழிற்சாலைக்கு இன்றைய முதலாளி. கூட்டம் நடக்கும் தொழிற்சாலை அறை, மேசை, ஏ.சி., பிரியாணி எல்லாம் அவருடையவை என்பதால் தலைவர் பதவிக்குத் தேர்தல் வைக்கும் அவசியம் இதுவரை வந்ததில்லை.

சூரியபிரகாஷ். செயலாளர். காட்பாடியிலிருந்து வருகிற பேராசிரியர். மன்றத்தின் விதிகள் அனைத்தையும் எழுதியவர். வீட்டு நாய்க்கும் விதி எழுதி வைத்திருக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு.

மெர்சி. உறுப்பினர். பாகாயத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவர். மன்றத்திலேயே ஓடுகிற பிளேயர் வைத்திருக்கும் ஒரே ஆள். அதனாலேயே மற்றவர்களுக்கு அவர் மேல் கொஞ்சம் சந்தேகம்.

பரணிதரன். விருந்தினர். சொந்த ஊர் குடியாத்தம், பிழைப்பு பெங்களூரில். பழைய இசைத்தட்டுக் கடை. கடைக்குத் தரம் பிரிக்கிற ஆள் ஒருவரைத் தேடி வந்திருக்கிறார்.

பிரேம்நாத். வருகைப் பதிவில் இவன் பெயர் இல்லை. உட்கார நாற்காலியும் இல்லை. அன்றைய கூட்டமே தனக்காகத்தான் என்று இவன் மட்டும் நம்பிக்கொண்டு நின்றான்.

பிரேம்நாத்துக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரவில் தூங்க வேண்டும். கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவன் நேராக ஒரு ஷூ கம்பெனியின் ஸ்ப்ரே பிரிவில், நைட் ஷிப்டில் போய் விழுந்தான். காலையில் வீட்டுக்கு வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுப்பான். வெயில் ஏறினால் கூரை தோசைக்கல். எதிர்வீட்டில் மிக்ஸி, பக்கத்து வீட்டில் சீரியல், தெருவில் வெங்காயம் விற்கிறவனின் ஸ்பீக்கர். பகல் தூக்கம் என்பது கண்ணை மூடிக்கொண்டு ஊர் சத்தத்தைக் கேட்பது, அவ்வளவுதான். ஒரு நாள் காலை பேருந்தில் நின்றபடியே தூங்கி, தன் நிறுத்தம் போனது தெரியாமல் வாணியம்பாடியில் போய்க் கண் விழித்தான். நடத்துனர் திட்டி இறக்கிவிட்டார். அங்கே ஒரு டீக்கடையில் நின்று டீ குடித்தான். குடித்து முடித்தபோது வேலையை விட்டிருந்தான்.

பிறகுதான் தபரேஸின் தொழிற்சாலையில் பகல் வேலை கிடைத்தது. செலக்‌ஷன் மேசை. பதனிட்ட தோல்களை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட வெட்டு, உப்புக் கறை என்று பழுதுகளைத் தேடித் தேடித் தரம் பிரிக்கும் வேலை. தோலில் எது நன்றாக இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆடு வாழ்ந்த காலத்தில் பட்ட அடி மட்டும்தான் கணக்கு. பிரேம்நாத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சாயங்காலம் முடிந்துவிடும். இரவில் கட்டையாகத் தூங்கினான்.

அந்தச் சுகத்துக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. தரம் பிரிக்கக் கேமரா வைத்த இயந்திரம் ஒன்று வாங்கியாகிவிட்டது. மேசை இந்த மாதத்தோடு சரி.

“உன்ன வெளிய அனுப்ப மாட்டேன் பிரேமு. நம்ம பையன் நீ,” என்று தபரேஸ் சொல்லியிருந்தார். “ஒன்னாந்தேதிலேர்ந்து ஃபினிஷிங் செக்‌ஷன்ல நைட்டு பாத்துக்கோ. ஸ்ப்ரே உனக்குப் புதுசா இன்னா?”

புதுசில்லை. அதுதான் பிரச்சினை.

ஆகவே பெங்களூர்க்காரர் வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து பிரேம்நாத் அவருடைய கடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் திறந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மூடும் கடை. அதைவிட அழகான விளம்பரத்தை அவன் படித்ததில்லை.

தோல் பார்க்கிறவன் இசைத்தட்டு பார்க்க வந்த கதை சின்னது. மன்றம் தொடங்கிய புதிதில் அவரவர் தட்டுக்கு அவரவரே தரம் போட்டுக்கொண்டார்கள். எல்லாத் தட்டும் உயர்ந்த ரகமாக இருந்தது. ஒரு உறுப்பினரின் தட்டு மூன்று துண்டாக உடைந்திருந்தது. ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்த்தால் கீறலே இல்லை என்று அவர் வாதாடினார். அவரை நீக்கிவிட்டார்கள். அன்றைக்குத்தான் தபரேஸ் சொன்னார்:

“தோலுக்குச் சொந்தக்காரனே கிரேடு போட்டா உலகத்துல எல்லா ஆடும் ஏ கிரேடுதான். நம்ம பிரேமைக் கூப்புடு. அவன் பொண்ணு பாக்கப் போனாக்கூட மொதல்ல தழும்பத்தான் தேடுவான்.”

வந்து பார்த்தபோது பிரேம்நாத்துக்கு எல்லாம் பழக்கமானதாகவே இருந்தது, பெயர்களைத் தவிர. இந்த உலகத்தில் ‘குட்’ என்றால் குப்பை. ‘வெரி குட்’ என்றால் சுமார். ‘வெரி குட் ப்ளஸ்’ என்றால் பரவாயில்லை, ஆனால் வெளியே சொல்ல வெட்கம். அதற்கு மேல் ‘நியர் மின்ட்’, அதாவது கிட்டத்தட்டப் புதுசு. எல்லாவற்றுக்கும் உச்சியில் ‘மின்ட்’. அச்சுக்கூடத்திலிருந்து மனிதக் கை படாமல் வந்ததற்கு மட்டும் அந்தப் பெயர். எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், ஒருவரும் பார்த்ததில்லை.

பிரேம்நாத் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. மேசைப் பழக்கம். உயர்த்திப் போட்டால் வாங்குகிறவன் சரக்கைத் திருப்பி அனுப்புவான், நம் தலை உருளும். ஒரு படி இறக்கிப் போட்டால் ஒரு ஆடும் வந்து கேட்கப்போவதில்லை. சூரியபிரகாஷின் தட்டுகள் அத்தனைக்கும் அவன் ‘வெரி குட்’ போட்டான். அன்றிலிருந்து பேராசிரியர் அவனோடு நேரடியாகப் பேசுவதில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத் தபரேஸிடம் சொல்வார். தபரேஸ் அதை அவனிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

பேராசிரியர் ஒரு படிவம் தயாரித்திருந்தார். கீறல், மயிர்க்கீறல், வளைவு, விரல் தடம், கிளிக், இரைச்சல், ஊசி தாவல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசி மூன்று கட்டங்கள் எப்போதும் காலியாகவே இருக்கும். ஏனென்றால் தட்டைப் போட்டுக் கேட்பதை மன்றத்தின் விதி தடை செய்திருந்தது. ஊசி பட்டால் தேய்மானம், தேய்ந்தால் தரம் இறங்கும். மன்றத்தில் சேர்ந்த பிறகு பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டவர்கள் உண்டு.

பிரியாணி முடிந்தது. கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தபரேஸ் அலமாரியைத் திறந்தார். வெள்ளைக் கையுறை போட்டார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல ஓர் உறையை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வாணியம்பாடில ஒரு வீட்ல பரண்மேல கெடந்துச்சு. இதுவரைக்கும் யாருக்கும் காட்டல,” என்றார்.

தட்டின் மதிப்பு லேபிளில் இருந்தது. அச்சடித்தவர்களின் கவனக்குறைவால் இரண்டு பக்கத்திலும் ‘இரண்டாம் பக்கம்’ என்றே போட்டிருந்தது. முதல் பக்கமே இல்லாத தட்டு. தவறு தெரிந்ததும் மற்றவற்றை அழித்துவிட்டார்களாம். உள்ளே இருப்பது பக்திப் பாட்டு என்றார் தபரேஸ். நாகஸ்வரம் என்றார் சூரியபிரகாஷ். கேள்விப்பட்டதை வைத்தே அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

“கேட்டீங்களா சார்?” என்று மெர்சி கேட்டார்.

“ஆய்வுக்கும் கேக்கறதுக்கும் இன்னாங்க சம்பந்தம்?” என்றார் பேராசிரியர்.

தட்டு உறையிலிருந்து வெளியே வந்தது. அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அப்படி ஒரு பளபளப்பு. வடக்கு ஜன்னல் முழுசாக அதில் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே காய்கிற தோல்கள் தெரிந்தன. தோலுக்கு மேல் உட்கார்ந்திருந்த காக்கையும் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு மயிரிழை இல்லை.

பரணிதரன் முதலில் வாங்கிப் பார்த்தார். சாய்த்தார், திருப்பினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, முகத்துக்கு மிக அருகில் வைத்து மறுபடி பார்த்தார்.

“பாருப்பா,” என்று பிரேம்நாத்திடம் நீட்டினார். “உன் கண்ணப் பத்தித்தான் பாய் ஃபோன்ல அவ்ளோ சொன்னாரு. நீ போடற கிரேடு எனக்குச் சரியாப் பட்டா அடுத்த வாரமே பெங்களூர் வந்துடு.”

நீட்டினாரே தவிர அவர் கை தட்டை உடனே விடவில்லை. பிரேம்நாத் அதைக் கவனித்தான். மேசையில் தோலைப் பார்ப்பதோடு, வாங்க வந்தவனின் கையையும் பார்ப்பான். வேண்டாதவன் தோலைத் தள்ளிவிடுவான். வாயால் எவ்வளவு குறை சொன்னாலும், ஓரத்தை விடாமல் விரலால் பிடித்துக்கொண்டிருப்பவன் வாங்காமல் போகமாட்டான்.

தட்டு கைக்கு வந்ததும் முதலில் எடை உறுத்தியது. கொஞ்சம் கூடுதல். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். தோலை மோந்து பார்க்கிற பழக்கம், தானாக வந்தது.

அந்த வாடையை அவன் எங்கே வைத்தாலும் சொல்வான். வருடக்கணக்காக அவன் தலையணையில், சட்டையில், சோற்றில் இருந்த வாடை. டாப் கோட். ஷூவுக்கும் பைக்கும் கடைசியாக அடிக்கிற லாக்கர். கழிசடைத் தோலைத் தேய்த்து, மேலே ஸ்ப்ரே அடித்து, தழும்பையெல்லாம் புதைத்து, ராஜா வீட்டுத் தோல் மாதிரி ஆக்கி அனுப்புவார்களே, அதே சரக்கு. நகத்தை லேசாக ஓட்டிப் பார்த்தான். வரியே தட்டுப்படவில்லை. தட்டின் கோடுகள் அத்தனையும் லாக்கருக்கு அடியில் சமாதியாகியிருந்தன. பழைய தட்டை இப்படிச் செய்யலாம் என்று வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றியிருக்காது. தபரேஸின் ஃபினிஷிங் செக்‌ஷன் இந்த அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

பிரேம்நாத் நிமிர்ந்து தபரேஸைப் பார்த்தான். தபரேஸ் மகளின் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் அப்பா மாதிரி நின்றுகொண்டிருந்தார். பரணிதரனைப் பார்த்தான். அவர் விரல்கள் இன்னும் தட்டைப் பிடித்திருப்பதுபோலவே காற்றில் இருந்தன.

இதில் யோசிக்க நிறைய இல்லை. உண்மையைச் சொன்னால் இது தட்டே இல்லை, தட்டு வடிவில் ஒரு பெல்ட். சொன்ன கையோடு ஒன்றாம் தேதி நைட் ஷிப்ட். தோசைக்கல் கூரை. வாணியம்பாடியில் கண் விழிப்பு.

“மின்ட்,” என்றான்.

சூரியபிரகாஷ் தன்னை மறந்து அவனிடமே கேட்டுவிட்டார்: “இன்னாது?”

“மின்ட் சார்.”

தபரேஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. தனக்கு மகன் பிறந்த செய்திக்கும் அவர் இப்படி உட்காரவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

“தோஸ்த், ஸ்வீட் சொல்லணும்,” என்று பரணிதரனின் தோளைத் தட்டினார்.

“கொஞ்சம் இருங்க,” என்றார் மெர்சி. “பரணிதரன் சார் வெளியூர்ல விக்கறவரு. கேட்டுப் பாக்காம எப்படி எடுத்துட்டுப் போவாரு? நான் கார்ல பிளேயர் கொண்டாந்திருக்கேன்.”

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். “விதி ஏழு!”

“விதி ஏழு நம்ம மெம்பருக்கு. அவரு கெஸ்ட்டு.”

“ஒரு தடவ போட்டாலே மின்ட் போயிடும் மேடம். மின்ட்டுன்னா ஊசியே படக்கூடாது. நீங்க பாட்டுக்கு...”

“பரவால்ல சார், போடலாம்,” என்றார் பரணிதரன் நிதானமாக. “எனக்கும் பாக்கணும்.”

அவர் எதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று பிரேம்நாத்துக்கு அப்போது விளங்கவில்லை. மெர்சி பிளேயரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தட்டு சுழன்றது. ஜன்னலும் காக்கையும் சுழலாமல் அதிலேயே நின்றன, அவ்வளவு வழவழப்பு. மெர்சி ஊசியை ஓரத்தில் இறக்கினார்.

ஊசி தட்டில் பட்டதும், மழைநாளில் பாசிப்படியில் கால் வைத்தவன்போல ஒரே வழுக்காக வழுக்கி, நடுவில் லேபிளண்டை போய் நின்றது. பிளேயரின் கை தானாகத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. பாட்டு முடிந்தது.

மெர்சி மறுபடி வைத்தார். மறுபடியும் அதே வழுக்கு. திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கத்தின் மறுபக்கமான இரண்டாம் பக்கமும் வழுக்கியது.

“அவ்ளோதான்,” என்று பிரேம்நாத் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

சூரியபிரகாஷ் இயர்போனைக் காதில் மாட்டி, கண்ணை மூடி, இன்னொரு தடவை போடச் சொன்னார். பாட்டு என்று ஒன்று இருந்தால் அதைவிடச் சிரத்தையாக ஒருவர் கேட்க முடியாது. பிறகு கண்ணைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“கிளிக், இல்ல,” என்றார். காலியாக இருந்த மூன்றில் முதல் கட்டத்தில் போட்டார்.

“இரைச்சல், சுத்தமா இல்ல.” இரண்டாவது கட்டம்.

“ஊசி தாவல்...” கொஞ்சம் யோசித்தார். “தாவல. ஒரே சீரா போச்சு. இல்ல.”

“சார்,” என்றார் மெர்சி. “பாட்டு?”

“பாட்டுக்குக் கட்டம் கெடையாது மேடம்.”

“பாட்டே வரலியே!”

“இது பழுதுப் படிவம். பாட்டு பழுதா? பழுது இருந்தாச் சொல்லுங்க, எழுதிக்கறேன். இவ்ளோ அமைதியான தட்ட நான் என் சர்வீஸ்ல கேட்டதில்ல.”

“பொணம்கூடத்தான் சார் அமைதியா இருக்குது. எங்க லேப் ஃபார்ம்ல எழுதிப் பாருங்க. பிரஷர் இல்ல, சுகர் இல்ல, மின்ட்டு!”

தபரேஸ் எழுந்தார். “மெர்சிம்மா, பேஜார் பண்ணாதீங்க. கெஸ்ட்டு இருக்காரு.”

“நீங்க சும்மா இருங்க பாய். இந்தத் தட்டுல ஏதோ பூசியிருக்குது. எனக்கு மூக்குல ஏறுது.” மெர்சி பிரேம்நாத்தின் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, நீ மோந்து பாத்தியே. இது இன்னா வாடை? நீ சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்.”

மன்றத்திலேயே அவனுக்கு நாற்காலி போடச் சொன்ன ஒரே ஆள் மெர்சி. போன கூட்டத்தில்கூடச் சொன்னார். போடவில்லை என்பது வேறு விஷயம். எல்லோரும் இப்போது அவனைப் பார்த்தார்கள். பெங்களூர்க்காரரும் பார்த்தார், எல்லோரையும்விடக் கூர்மையாக.

“புதுத் தட்டு வாடைக்கா,” என்றான் பிரேம்நாத். “பொறந்ததுலேர்ந்து மூடியே வெச்சிருந்தா அப்படித்தான் வரும்.”

மெர்சி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் பிளேயரை மூடித் தூக்கிக்கொண்டார்.

“படிவத்துல பாட்டுக்கு ஒரு கட்டம் போடணும்னு தீர்மானம் கொண்டுவர்றேன். ஓட்டு எடுங்க,” என்றார்.

எடுத்தார்கள். ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இரண்டு. விருந்தினருக்கு ஓட்டு இல்லை. பிரேம்நாத்துக்கு எப்போதுமே இல்லை. தீர்மானம் தோற்றதாகப் பேராசிரியர் எழுதிக்கொண்டார். மெர்சி போகும்போது பிரியாணிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சூரியபிரகாஷும் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டார். போகிற போக்கில் பிரேம்நாத்தின் கையைக் குலுக்கி, தன் தட்டுகளையும் ஒருமுறை மறுபடி பார்க்கும்படி நேரடியாகவே கேட்டுக்கொண்டார்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பரணிதரன் தட்டை எடுத்து, இம்முறை ஒளிக்காமல், மூக்கருகே வைத்து நன்றாக இழுத்தார்.

“லாக்கர்,” என்றார். “எத்தன கோட்டு பாய்?”

பிரேம்நாத் திடுக்கிட்டுத் தபரேஸைப் பார்த்தான். தபரேஸ் அசரவேயில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இத்தனை நேரம் காத்திருந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது.

“ரெண்டு. மூணாவது அடிக்கலாம்னு பாத்தேன், லேபிள் கலர் மங்குது. வாங்கும்போது பூன பொறாண்டுன மாதிரி இருந்துச்சு தெரியுமா? பஃபிங் போட்டுத் தேச்சு, தூசி தட்டி, கோட்டு குடுத்து, ஹாங்கர்ல காயப் போட்டேன். இன்னா ஷைனிங் பாத்தீங்களா!”

“பாட்டு போச்சே பாய்?”

“சரக்குன்னா ஃபினிஷிங் பண்ணித்தான் அனுப்பணும். அழுக்கா அனுப்பறது நம்ம குடும்பத்துலயே பழக்கம் இல்ல.” அவர் ஏமாற்றவில்லை. தட்டுக்கு நல்லது செய்ததாகவே நம்பினார். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டில் எந்தப் பொருளும் லாக்கரால் கெட்டுப்போனதில்லை.

பரணிதரன் சிரித்தார். பிறகு பிரேம்நாத்திடம் திரும்பினார்.

“நீயும் மோந்து பாத்தே. உனக்கு அப்பவே தெரியும்.”

பொய் சொல்ல இனி இடமில்லை. “தெரியும் சார்,” என்றான்.

“தெரிஞ்சும் மின்ட்டுன்னே. அந்தம்மா நேருக்கு நேர் கேட்டப்பவும் மாத்தல.”

பிரேம்நாத் தரையைப் பார்த்தான். பெங்களூர்ப் பேருந்து தன்னை ஏற்றாமல் போவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

“எனக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்,” என்றார் பரணிதரன். “கண்ணு இருக்கறவன் தெருவுக்குப் பத்து பேரு. கண்ணும் இருந்து வாயும் அடக்கமா இருக்கறவன் கெடைக்கறதில்ல. வேல உனக்குத்தான்.”

பிரேம்நாத் நிமிர்ந்து, “கடை காலைலதான சார் தொறக்கறீங்க?” என்று கேட்டான்.

“கடைக்கு எதுக்கு நீ?” பரணிதரன் தட்டை உறையில் போட்டார். “கிரேடு போடறதுக்கு எனக்கே தெரியும்பா. என் குடோன்ல கீறல் விழுந்த தட்டு மலையாட்டம் கெடக்குது. ஒருத்தன் சீண்டறதில்ல. இன்னைக்கு ஒன்னு பாத்தேன். கேக்கறவன் செல்ஃபோன்ல கேக்கறான். தட்டு வாங்கறவன் கேக்கறதில்ல; கவர் போட்டு, கண்ணாடி அலமாரில வெச்சு, ஃபோட்டோ எடுக்கறான். டோக்கியோல ஒருத்தரு என்கிட்ட இருவது வருஷமா வாங்கறாரு. அவரு வீட்ல பிளேயரே இல்ல. அவருக்கு இன்னா வேணும்? ஷைனிங் வேணும். ஷைனிங் இங்க இருக்குது.”

அவர் தபரேஸைப் பார்த்தார். தபரேஸ் ஏற்கெனவே தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

“ஸ்ப்ரே அடிக்கற பூத்து நைட்டுல ஃப்ரீயாத்தான் இருக்கும்,” என்றார் தபரேஸ். “பகல்ல ஆவாது. லெதர் ஓடுது. ஃபாரின் ஆடிட்டரு வேற திடீர் திடீர்னு வந்து நிப்பான். நைட்டுல யாரு கேக்கப் போறா?”

“நைட்டே வெச்சுக்கலாம்,” என்றார் பரணிதரன்.

“நம்ம பிரேமுக்கு ஸ்ப்ரே அத்துப்படி. நான்கூட அவன நைட்டுக்குத்தான் நெனச்சிருந்தேன். பாத்தியா, உன் நேரம்! அதே பூத்து, ஆனா பெங்களூர் கம்பெனி வேல.”

இருவரும் கைகுலுக்கினார்கள். பிரேம்நாத்தின் கை நடுவில் எங்கும் தேவைப்படவில்லை.

“சார்,” என்றான். “நான் அது மின்ட் இல்லன்னு சொல்லியிருந்தா?”

பரணிதரன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். “நல்ல கிரேடர்னு சொல்லி கடைல உக்கார வெச்சிருப்பேன்,” என்றார். “ஆனா அந்த வேலைக்கு வேற ஆள் கெடைப்பான். இதுக்குக் கெடைக்க மாட்டான். நீ இன்னும் பெரிய வேலைக்குப் போற. சந்தோசப்படு.”

ஒன்றாம் தேதி பெங்களூரிலிருந்து ஒரு வேன் வந்தது. அட்டைப் பெட்டிகள். ஃபினிஷிங் செக்‌ஷனின் பகல் ஆட்கள் கை கழுவிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிர்த்திசையில் பிரேம்நாத் நடந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பழைய முகமூடி போதும் என்று சொல்லியும் தபரேஸ் புதிது வாங்கி வைத்திருந்தார்; அந்த விஷயத்தில் அவர் தாராளம்.

முதல் பெட்டியைப் பிரித்தான். மேலே இருந்த தட்டை யாரோ நன்றாகக் கேட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு வட்டம் மட்டும் வெளுக்கும் அளவுக்கு, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வடக்கு வெளிச்சம் இல்லாமலே அது தெரிந்தது. பிரேம்நாத் அதன் தழும்புகளைக் கை வழக்கத்தில் ஒருமுறை எண்ணிப் பார்த்தான். குட். சந்தேகமே இல்லாமல் குட். ஹாங்கரில் மாட்டி, ஸ்ப்ரே கன்னில் லாக்கரை ஊற்றினான்.

தபரேஸ் வாசலில் வந்து நின்றார். “காலைல எத்தன மின்ட்டு ரெடியாவுதோ அத்தனையும் பேக் பண்ணிடு. சும்மா வேகத்துல ஓட்டாத, சொட்டு விழுந்தா ரிஜெக்ட்டு.”

“சரி பாய்.”

“டீ ஃபிளாஸ்க்குல இருக்குது. கதவ வெளிய பூட்டிக்கறேன், தப்பா எடுத்துக்காத. யாரும் எட்டிப் பாத்து பேஜாராயிடக் கூடாது. தூசியும் வராது பாரு, ஃபினிஷிங்குக்கு நல்லது. வாச்மேன் காலைல தொறப்பான்.”

“தூக்கம் வந்தா பாய்?”

“பகல்ல வீட்ல தூங்கு. யாரு வேணான்னா?”

இரும்புக் கதவு இழுபட்டு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டு.